திருவண்ணாமலையில் சுற்றுச்சுவர், வேலி அமைப்பது எப்படி? அளவை முதல் அனுமதி வரை முழுமையான வழிகாட்டி

வீடு கட்ட நினைத்தால் பொறியாளரைத் தேடுகிறோம், வரைபடம் போடுகிறோம், அனுமதி வாங்குகிறோம். சுற்றுச்சுவர் என்று வந்ததும், "மேஸ்திரி, மிச்சமிருக்கிற ஹாலோ பிளாக்கை வச்சு நாலு பக்கமும் எழுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் பக்கத்து வீட்டாரோடு பல ஆண்டுகள் பேச்சில்லாமல் போவதற்கும், நோட்டீஸ் வருவதற்கும், எழுப்பியதை இடிக்க நேர்வதற்கும் காரணமாக அமைவது பெரும்பாலும் இந்தச் சுவர்தான்.

திருவண்ணாமலையில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே ஒரு மனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் அண்டை அல்ல. கோயில் நிலம், மலை, மலையிலிருந்து இறங்கும் ஓடை, தேரும் கிரிவலமும் போகும் சாலை ஆகியவையும் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி தரும் அனுமதி, கட்டலாம் என்பதற்கான அனுமதி மட்டுமே. அந்த இடம் உங்களுடையது என்று அது தீர்ப்புச் சொல்லாது. ஆகவே முதலில் எல்லை, பிறகு அண்டை வீட்டார், அதன்பின் அனுமதி, கடைசியில் கடைக்கால். இந்த வரிசையை மாற்றாமல் போனால் பாதித் தொல்லை வராது.

## படி 1: உங்கள் மனை எந்த உள்ளாட்சியில் இருக்கிறது?

நகராட்சியாக இருந்த திருவண்ணாமலை, 2024-ல் நாமக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி ஆகியவற்றோடு சேர்த்து மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. சுற்றியிருந்த ஊராட்சிப் பகுதிகளும் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டன. பழைய பத்திரத்தில் ஊராட்சியின் பெயர் இருக்கும் மனை இன்று மாநகராட்சி வார்டில் இருக்கலாம்.

கடைசியாகச் சொத்துவரி அல்லது காலிமனை வரி கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள். வரி வாங்குவது மாநகராட்சி என்றால், அதன் நகரமைப்புப் பிரிவில் உங்கள் பகுதிக்கான நகரமைப்பு ஆய்வாளரைப் பாருங்கள். ஊராட்சி என்றால் ஊராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். ரசீது பழையதாக இருந்தால், இப்போது எந்த அலுவலகம் வரி வாங்குகிறது என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அலுவலகம் எதுவானாலும், கட்டுமானத்தின் அளவுகளைச் சொல்வது 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த மேம்பாடு மற்றும் கட்டட விதிகள், 2019'. மாநகராட்சி எல்லைக்குள் இதோடு 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், அதன்கீழ் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளும் சேரும்.

## படி 2: ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

- கிரையப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரம்
- பட்டா, நகர அளவை நடந்த பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல்
- புலப்படம், அதாவது எல்லாரும் எஃப்.எம்.பி. என்று சொல்லும் அளவை வரைபடம்
- பதிவுத்துறை தரும் வில்லங்கச் சான்று
- லேஅவுட் மனையானால், அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடம்
- வீடு ஏற்கெனவே இருந்தால், அதன் அனுமதி ஆணையும் வரைபடமும்
- நடப்பு ஆண்டின் வரி ரசீது

பட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த்துறையின் இணைய சேவைத் தளத்திலேயே எடுக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறையின் தளத்தில் கிடைக்கும்.

மனை அங்கீகாரமில்லாத லேஅவுட்டில் இருக்கிறதா? அப்படியானால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான இத்தகைய மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் தனி விதிகள் வந்தன. வரன்முறை ஆணை இல்லாத மனைக்குக் கட்டட அனுமதி கேட்டால், அந்த இடத்திலேயே விண்ணப்பம் நின்றுவிடும்.

அளவுகளை ஒப்பிடுவது எப்படி? பத்திரத்தில் அடிக் கணக்கு இருக்கும், புலப்படத்தில் மீட்டர் இருக்கும், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். 1 மீட்டர் 3.28 அடி. 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 ஏர் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட்.

ஓர் எடுத்துக்காட்டு. பத்திரத்தில் 40 அடிக்கு 60 அடி என்று இருக்கிறது. புலப்படத்தில் 12.2 மீட்டருக்கு 18 மீட்டர் என்று காட்டுகிறது. 12.2 மீட்டர் என்பது 40 அடி, அகலம் சரி. 18 மீட்டரோ 59 அடிதான் வருகிறது. நீளத்தில் சுமார் 11 அங்குலம் குறைகிறது. பத்திரத்தை நம்பிக் கொத்தனார் 60 அடிக்கு நூல் பிடித்தால், அந்த 11 அங்குலம் பின்வீட்டுக்காரரின் நிலத்திலிருந்தோ தெருவிலிருந்தோதான் வர வேண்டும். இந்த வேறுபாட்டைக் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடுங்கள்.

## படி 3: அளந்து கல் போடுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டக் கூடாது. அரசு நில அளவரை வைத்து எல்லையை அளந்து காட்டக் கேட்பதை ஊரில் 'எஃப்-லைன் அளவை' என்பார்கள். தமிழ்நிலம் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தலாம்.

அளவை நாளில் செய்ய வேண்டியவை:

1. பக்கத்து மனைக்காரர்கள் அனைவருக்கும் தேதியை முன்னதாகச் சொல்லுங்கள். வெளியூரில் இருப்பவருக்கு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி, அதைப் பத்திரப்படுத்துங்கள்.
2. முட்புதரை வெட்டி, மூலைகளைத் தெளிவாக்கி வையுங்கள். புதருக்குள் பழைய அளவைக் கல் புதைந்திருக்கலாம்.
3. கல் நட்டதும் ஒவ்வொரு கல்லையும் படம் எடுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் நகராத இரண்டு பொருள்களிலிருந்து தூரம் அளந்து குறித்து வையுங்கள்: வீட்டுத் தரையின் மூலை, மின்கம்பம், பாழடையாத கிணற்றுச் சுவர் போன்றவை.
4. அளவை முடிந்தபின் அறிக்கையும் வரைபடமும் பெற்றுக்கொள்ளுங்கள். வந்திருந்த அண்டை வீட்டாரின் கையெழுத்தையும் கேளுங்கள்.

மூன்றாவது குறிப்புக்குக் காரணம் உண்டு. கடைக்கால் தோண்டும்போது முதலில் பெயர்க்கப்படுவது மூலைக் கல்தான். ஆள் குழியை வெட்டுவார், கல் குறுக்கே நிற்கும், எடுத்து ஓரமாகப் போடுவார், மாலையில் மண்ணோடு சேர்ந்து அது போய்விடும். இரண்டு தூரங்கள் கையில் இருந்தால் கல்லின் இடத்தைத் திரும்ப நிறுத்தலாம். தவிர, அளவைக் கல்லைக் காப்பது நில உரிமையாளரின் கடமை. 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

## படி 4: கோயில், மலை, நீர், சாலை: நான்கையும் பாருங்கள்

கோயில் நிலம். அருணாசலேசுவரர் கோயிலுக்கோ வேறு கோயில், மடம், அறக்கட்டளைக்கோ உரிய மனையில் வாடகைக்குக் குடியிருப்போர் இந்த ஊரில் உண்டு. அங்கே வீடு உங்களுடையதாக இருந்தாலும் நிலம் உங்களுடையது அல்ல. நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் சுவர் எழுப்பினால், 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஆக்கிரமிப்பு நடவடிக்கை வரலாம். வாங்கிய மனை என்றால், பதிவுத்துறைத் தளத்தில் அந்தச் சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். 'ஜீரோ வேல்யூ' என்று வந்தால் அங்கேயே நின்று, கோயில் அலுவலகத்திலும் சார்பதிவாளரிடமும் விசாரியுங்கள்.

தஞ்சாவூர், மாமல்லபுரம் போன்ற ஊர்களிலிருந்து வருவோர் தொல்லியல் துறை விதியைப் பற்றிக் கேட்பார்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்பது அந்த விதி. அருணாசலேசுவரர் கோயிலை அந்தத் துறையின் பாதுகாப்பில் கொண்டுவர 2002-ல் முயற்சி நடந்தது. பெரும் எதிர்ப்புக்குப் பின் அது கைவிடப்பட்டது. ஆகவே இந்தக் கோயிலைச் சுற்றி அந்த விதி பொருந்தாது.

மலை. 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் அடிவாரத்தில் மனை இருந்தால், வனத்துறையின் எல்லைக் கற்கள் எங்கே இருக்கின்றன என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டாவில் இருக்கும் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

சரிவில் இருக்கும் மனைக்கு இன்னொரு எச்சரிக்கை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண்சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள். மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் சுற்றுச்சுவர் அல்ல, அது தடுப்புச் சுவர். அதைப் பொறியாளர் கணக்குப் போட்டு வடிவமைக்க வேண்டும். ஒரு பக்கத் தரை மறுபக்கத்தைவிட மேடாக இருந்தால், வழக்கமான ஹாலோ பிளாக் சுவரை அங்கே எழுப்பாதீர்கள்.

நீர். மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் குளங்களுக்கும் ஏரிகளுக்கும் போகிறது. ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் ஓடையைப் பார்த்து, 'இது வெறும் பள்ளம்' என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் அது ஓடைப் புறம்போக்காக இருக்கும். புறம்போக்கில் எழும் சுவரை அகற்ற 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. நீர்வளத்துறைப் பராமரிப்பில் உள்ள ஏரிகளுக்கு 2007-ல் தனிச் சட்டமே வந்தது. சட்டத்தைவிடப் பெரிய காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஓடையை மறித்தால் அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் மேல்வீட்டுக்குள் ஏறும், அல்லது உங்கள் சுவரைத் தள்ளிக்கொண்டு போகும்.

சாலை. மாட வீதிகளில் மகாரதம் வருகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள், பலர் வெறுங்காலோடு. வாசற்படி, சாய்தளம், கேட் தூண் எதுவும் தெருவிலோ கால்வாய் மேலோ நீளக் கூடாது. கேட் உள்பக்கமாகத் திறக்கட்டும். நடப்போரின் தோள் உயரத்தில் முள்கம்பி, சுவர்மேல் கண்ணாடித் துண்டு இரண்டையும் பாதைப் பக்கம் தவிர்த்துவிடுங்கள். கூட்டம் நெருக்கும்போது ஒதுங்குகிறவர் கைவைப்பது அந்தச் சுவரில்தான். தெருமுனை மனையானால் லேஅவுட் வரைபடத்தில் மூலை வெட்டிக் காட்டியிருக்கும். சுவரும் அப்படியே வெட்டித்தான் போக வேண்டும். நெடுஞ்சாலையை ஒட்டிய மனைக்கு, சாலையின் நில எல்லை எதுவரை என்று நெடுஞ்சாலைத் துறையிடம் கேளுங்கள்.

## படி 5: அண்டை வீட்டாரிடம் பேசுங்கள்

விண்ணப்பம் போடும் முன்பே பேசுங்கள். "அண்ணே, சர்வேயர் வச்ச கல்லுப்படி உள்ளுக்குத்தான் கட்டப் போறேன், ஒரு தடவை நீங்களும் வந்து பாத்துடுங்க" என்று கூப்பிட்டுக் காட்டிவிட்டால், நாளைக்கு வரக்கூடிய சந்தேகம் இன்றே தீர்ந்துவிடும்.

பேச வேண்டியவை மூன்று.

தனிச் சுவரா, பொதுச் சுவரா? செலவைப் பகிர்ந்து எல்லைக் கோட்டின் நடுவே பொதுச் சுவர் கட்டலாம். அப்படியானால் செலவு, பராமரிப்பு, உயரம், யார் எந்தப் பக்கம் எதைச் சாய்க்கலாம் என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்திடுங்கள். முடிந்தால் பதிவும் செய்யுங்கள். அடுத்த தலைமுறைக்கு வாய்வார்த்தை போய்ச் சேராது.

கடைக்கால் எங்கே நிற்கும்? 9 அங்குலச் சுவருக்கு 2 அடி அகலத்தில் கடைக்கால் போட்டு, சுவரை அதன் நடுவில் எழுப்பினால், இரண்டு பக்கமும் ஏழரை அங்குலம் கடைக்கால் துருத்தி நிற்கும். சுவரின் வெளிமுகம் சரியாக எல்லையில் இருந்தால், மண்ணுக்குள் ஏழரை அங்குலம் பக்கத்து மனையில் போய்விட்டது என்று பொருள். பின்னாளில் அவர் கடைக்கால் தோண்டும்போது அது வெளிப்படும், வம்பும் வரும். சுவரை உள்ளே தள்ளுங்கள், அல்லது ஒரு பக்கமாக மட்டும் அகலும் கடைக்காலைப் பொறியாளரிடம் வடிவமைத்துக் கேளுங்கள்.

நடைபாதை, வெளிச்சம், நீர்ப்போக்கு. உங்கள் மனை வழியாக யாராவது காலங்காலமாகக் கிணற்றுக்கோ தோட்டத்துக்கோ போய்வருகிறார்களா? 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் உரிமையோடு தடையின்றிப் பயன்படுத்திய வழிக்கு அவர்கள் உரிமை கோர முடியும். அந்த வழியை மறிக்கும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

## படி 6: எந்த வகை வேலி?

காலிமனைக்கு கருங்கல் தூணும் முள்கம்பியும் அல்லது சங்கிலி வலையும் போதும். செலவு குறைவு. எல்லையில் திருத்தம் வந்தால் பிடுங்கி நடலாம். நீரும் தடையில்லாமல் போகும்.

தோட்டத்தோடு கூடிய மனைக்கு உயிர்வேலியைவிட நல்லது இல்லை. கிளுவைப் போத்தை மழைக்கு முன் நெருக்கமாக நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். நொச்சி, ஆடாதொடையை ஆடு தின்னாது. மண்ணைப் பிடித்து நிறுத்தும் வேலை சிமெண்ட் சுவரைவிடச் செடிக்கே நன்றாகத் தெரியும். அடிவார மனைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

குடியிருக்கும் வீட்டுக்கு செங்கல் அல்லது ஹாலோ பிளாக் சுவர், அல்லது ரெடிமேட் காம்பவுண்ட். உயரத்தை 2 மீட்டருக்குள், அதாவது ஆறரை அடிக்குள் வையுங்கள். வீட்டைச் சுற்றி விடவேண்டிய திறந்தவெளியில் சுற்றுச்சுவருக்கு இடம் உண்டு என்றாலும், அதற்கு உயர வரம்பும் உண்டு. அதைத் தாண்டும் எண்ணம் இருந்தால் வரைபடத்திலேயே காட்டிக் கேளுங்கள்.

மின்வேலி வீட்டு மனைக்கு வேண்டவே வேண்டாம். அறிவிக்கப்பட்ட வனப்பகுதியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் மின்வேலி போட, 2023-ல் வந்த தமிழ்நாட்டு விதிகளின்படி வனத்துறையின் அனுமதியும் பதிவும் வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது குற்றம். இந்த மலையில் புள்ளிமான்கள் இருக்கின்றன, அடிவாரத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

## படி 7: அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்

புது வீட்டோடு சேர்த்துக் கட்டுகிறீர்களா? வீட்டு வரைபடத்திலேயே சுற்றுச்சுவர், கேட், மழைநீர் வெளியேறும் இடம் மூன்றையும் காட்டிவிடுங்கள். ஒரே அனுமதியில் முடிந்துவிடும். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி கொண்ட வீட்டுக்கு இணையவழியில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. இதில் ஆய்வு முன்கூட்டி நடப்பதில்லை. ஆகவே நீங்கள் தரும் உறுதிமொழி உண்மையாக இருக்க வேண்டிய பொறுப்பு முழுக்க உங்களுடையது.

இருக்கும் வீட்டுக்குச் சுவர் மட்டுமா? நகரமைப்பு ஆய்வாளரைப் பார்த்து, உங்கள் சுவரின் உயரம், நீளம், எந்தத் தெருவை ஒட்டியது என்பதைச் சொல்லி, எந்தப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேளுங்கள். வாய்மொழிப் பதிலோடு திரும்பாமல், கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

விண்ணப்ப வரிசை இதுதான்:

1. மாநகராட்சியில் பதிவுபெற்ற பொறியாளரையோ கட்டட வரைபட அளவரையோ அமர்த்துங்கள்.
2. தளவரைபடம் தயாராகட்டும். அதில் நான்கு எல்லைகளின் அளவு, சாலையின் பெயரும் அகலமும், சுவரின் நீளம், உயரம், கடைக்காலின் குறுக்குவெட்டு, கேட்டின் அகலம், வடக்குத் திசை எல்லாம் இருக்க வேண்டும்.
3. ஒற்றைச் சாளர இணையதளத்தில் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொண்டு பதிவுசெய்யுங்கள். பொறியாளரின் எண்ணை மட்டும் கொடுத்தால் தகவல்கள் உங்களுக்கு வராது.
4. படி 2-ல் சேர்த்த ஆவணங்களையும் அளவை அறிக்கையையும் பதிவேற்றுங்கள்.
5. கட்டணத்தை இணையவழியிலேயே செலுத்துங்கள். ரசீது இல்லாத பணம் யாருக்கும் தர வேண்டாம்.
6. இட ஆய்வுக்கு வரும்போது நீங்களே இருங்கள். எல்லைக் கற்களைக் காட்டுங்கள்.
7. ஆணை வந்ததும் நிபந்தனைகளையும் செல்லுபடியாகும் காலத்தையும் வரிவரியாகப் படியுங்கள்.

பட்டாவில் இருக்கும் பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால் விண்ணப்பம் திரும்பும். அப்பா பெயரில் பட்டா இருக்கிறது என்றால், பட்டா மாறுதலை முதலில் முடியுங்கள்.

## படி 8: கட்டும் காலமும் கட்டும் முறையும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைக்கால் குழி இடிந்து விழும். தீபத் திருவிழா நாள்களிலும் பௌர்ணமியிலும் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், எம்-சாண்ட் லாரி தெருவுக்குள் வராது. தை பிறந்தபின் தொடங்கி மழைக்கு முன் முடிப்பது நல்லது. ஜல்லியையும் செங்கல்லையும் தெருவில் கொட்டாதீர்கள்.

முதல் நாள் நூல் பிடிக்கும்போது பக்கத்து வீட்டாரையும் நிற்கச் சொல்லுங்கள். நீர் வெளியேற, தரையை ஒட்டி ஐந்தடிக்கு ஒன்றாக 3 அங்குல பி.வி.சி. குழாயைச் சுவரில் பதியுங்கள். அது பொதுக் கால்வாயையோ தெருவையோ நோக்கி இருக்கட்டும், பக்கத்து மனையை நோக்கி வேண்டாம். அனுமதி ஆணையின் நகலை வேலையிடத்தில் வைத்திருங்கள்.

## படி 9: மறுப்போ தகராறோ வந்தால்

விண்ணப்பம் திருப்பப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் வராமல் கிடந்தால் முதல்வரின் உதவி மையம் 1100, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம், தகவல் உரிமைச் சட்ட மனு ஆகிய மூன்று வழிகள் இருக்கின்றன. தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் தர வேண்டும்.

அளவையில் ஐயம் இருந்தால் மேல் அளவைக்கு மனு செய்யலாம். அது முடியும்வரை சுவர் வேலையை நிறுத்தி வையுங்கள்.

பக்கத்து வீட்டார் தடுத்தால் கைகலப்புக்கு இடம் தராதீர்கள். எல்லையைத் தீர்மானிப்பது காவல் நிலையத்தின் வேலை அல்ல. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முன்பே சமரசம் பேச இலவசமாக வழி இருக்கிறது. அதிலும் முடியாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம். அங்கே வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி இடத்தை அளக்கச் சொல்லலாம்.

அனுமதியின்றிக் கட்டியதாக நோட்டீஸ் வந்தால் தூக்கி வைத்துவிடாதீர்கள். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகள் அகற்றவும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் தருகின்றன. கொடுத்த கெடுவுக்குள் ஆவணங்களோடு பதில் எழுதுங்கள்.

## கடைக்காலுக்கு முன் ஒரு சரிபார்ப்பு

- எந்த உள்ளாட்சி என்று உறுதியாகிவிட்டதா?
- பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றின் அளவும் பொருந்துகின்றனவா?
- அளவைக் கற்கள் நட்டு, படமும் தூரங்களும் பதிவாகியுள்ளனவா?
- கோயில், வனம், ஓடை, சாலை நான்கிலும் சிக்கல் இல்லையா?
- அண்டை வீட்டார் கல்லைப் பார்த்தார்களா?
- அனுமதி ஆணை கையில் இருக்கிறதா?

ஆறுக்கும் 'ஆம்' என்றால் பூமி பூஜை போடலாம். ஒன்றில் ஐயம் இருந்தாலும் கொத்தனாரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். எழுப்பிய சுவரை இடிக்கும் செலவுக்கு முன் சில வாரக் காத்திருப்பு பெரிதல்ல. வேலை முடிந்தபின் அளவை அறிக்கை, அனுமதி ஆணை, ரசீதுகள், படங்கள் அனைத்தையும் கிரையப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நாளை இந்த வீட்டை விற்றாலும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாலும், எல்லை எங்கே என்ற கேள்விக்கு அந்தக் கோப்பே பதில் சொல்லும்.